45 எங்கே போனது?

கத்திப்பாராவில் புறப்பட்டுத் தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல், பெரியகுளம் என்று ஓடித் தேனியில் முடியும் சாலைக்கு ஒரு காலத்தில் ஒரே எண்தான் இருந்தது. தேசிய நெடுஞ்சாலை 45. ஏறத்தாழ 460 கிலோமீட்டர். இன்று அதே வழியில் போகிறவர் ஐந்து எண்களைக் கடக்கிறார். திண்டிவனம் வரை 32. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 132. விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை 38. அங்கிருந்து திண்டுக்கல் வரை 83. திண்டுக்கல்லைத் தாண்டினால் 183. சாலை அகலமாகியிருக்கிறது, நான்குவழியாகியிருக்கிறது, நடுவில் அரளிச் செடி வளர்ந்திருக்கிறது. பாதை பெரும்பாலும் பழைய பாதைதான். 45 மட்டும் அதில் இல்லை.

அந்த எண் அழிந்தும் போகவில்லை. போபாலுக்குத் தெற்கே ஒபைதுல்லாகஞ்சில் தொடங்கி, ஜபல்பூர் வழியாகச் சத்தீஸ்கரின் பிலாஸ்பூருக்குப் போகும் சாலைதான் இன்றைய தேசிய நெடுஞ்சாலை 45. நம்முடைய வழித்தடத்தில் அரை நூற்றாண்டுக்கும் மேல் நின்ற எண் எப்படி நர்மதைக் கரைக்குப் போனது என்பது, ஒரு சாலையின் எண் எதற்காகப் பிறக்கிறது, எதற்காக மாறுகிறது, எதற்காகச் சுருங்குகிறது என்பதை எல்லாம் சேர்த்துச் சொல்லும் கதை.

எண் வருவதற்கு முன்பு சாலைக்குப் பெயர்தான். மதராஸிலிருந்து வடக்கே ஒரு டிரங்க் ரோடு, மேற்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று வெள்ளைக்காரர் காலத்தில் பிரித்து வைத்தார்கள். வடக்கே போனது ஜி.என்.டி. ரோடு, தெற்கே போனது ஜி.எஸ்.டி. ரோடு. பெயரே திசையைச் சொன்னது, அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு சாலைக்கும் யார் பணம் கொடுப்பது, யார் பராமரிப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் வரிசைப்படுத்தி எண் போட வேண்டிய தேவை வந்தது. 1943 டிசம்பரில் நாக்பூரில் மாகாணங்கள், சமஸ்தானங்களின் தலைமைப் பொறியாளர்கள் கூடி இந்தியச் சாலைகளைத் தரம் பிரித்தார்கள். தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள், கிராமச் சாலை என்று இன்றுவரை நாம் பயன்படுத்தும் பிரிவுகள் அந்தக் கூட்டத்தில் உருவானவை. தேசிய நெடுஞ்சாலைகளின் செலவை 1947 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு ஏற்றது. 1956-இல் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் வந்து, அதன் அட்டவணையில் ஏறிய சாலைகள் சட்டப்படி மத்திய அரசின் உடைமையாயின. அந்த வரிசையில் சென்னை – திருச்சி – திண்டுக்கல் சாலைக்குக் கிடைத்த இடம் 45. தேனி வரை நீண்டது பிற்பாடு.

ஆக, எண் என்பது முதன்மையாக ஒரு பொறுப்பேற்பு. இந்தக் குழியை மூட வேண்டியது டெல்லியா, சென்னையா, ஊராட்சி ஒன்றியமா என்பதை அது சொல்கிறது. கிலோமீட்டர் கல்லின் தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை பூசியிருந்தால் மாநில நெடுஞ்சாலை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அந்த வண்ணத்துக்குப் பின்னால் இருப்பது வேறு வேறு கணக்குப் புத்தகம், வேறு வேறு சட்டம். மஞ்சள் கல் சாலையை அகலப்படுத்த நிலம் எடுப்பது 1956 சட்டத்தின்படி. பச்சைக் கல் சாலைக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. தேசிய நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் வைத்து வழி திறக்க வேண்டும் என்றால் அனுமதி மத்திய அரசின் தரப்பிலிருந்து வர வேண்டும். கல்லின் வண்ணம் மாறினால் ஓரத்தில் கடை வைத்திருப்பவரின் அலுவலகம் மாறுகிறது, நிலம் வைத்திருப்பவரின் இழப்பீட்டு விதி மாறுகிறது.

இதனால்தான் மாநிலங்கள் தங்கள் சாலைகளைத் தேசிய நெடுஞ்சாலை ஆக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. தரம் உயர்ந்தால் செலவு மத்திய அரசின் தலையில் ஏறும், நான்குவழி வரும். 2014-இல் நாட்டில் 91,287 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் பத்தே ஆண்டில் 1,46,000-ஐத் தாண்டியது. கூடிய நீளம் எல்லாம் புதிதாகப் போட்ட சாலை அல்ல. பெரும்பகுதி ஏற்கெனவே மாநில நெடுஞ்சாலையாகவோ மாவட்டச் சாலையாகவோ இருந்தவை. ஒரு பட்டியல் நீளும்போது இன்னொரு பட்டியல் குறைகிறது. மாநில நெடுஞ்சாலை வரிசையில் நடுவே எண்கள் காணாமல் போவதற்கும், 'இந்தச் சாலை இவ்வளவு குட்டையாகவா இருந்தது?' என்று தோன்றுவதற்கும் முதல் காரணம் இதுதான்.

ஈ.சி.ஆர். இதற்கு நல்ல சாட்சி. மாநில நெடுஞ்சாலை 49 என்ற பச்சைக் கல்லோடு சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ஓடிய சாலை அது. 2002-இல் மாநில அரசின் சாலை மேம்பாட்டு நிறுவனம் அதில் சுங்கம் வசூலிக்கத் தொடங்கியது. இப்போது மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி வரையான பகுதி தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகிவிட்டது. 49-க்கு மிஞ்சியது வடக்குப் பகுதி. 2022-இல் ஈ.சி.ஆருக்குக் கலைஞர் கருணாநிதியின் பெயரும் சூட்டப்பட்டது. சவுக்குத் தோப்புகளுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே போகும் அந்தச் சாலை ஓரங்குலம்கூட நகரவில்லை. அதன் பாதிக்குமேல் இன்னொரு எண்ணுக்குள் போய்விட்டது.

சரி, 45-க்கு வருவோம். எழுபது எண்பதுகளுக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலைகள் கூடக் கூட, எண் கொடுக்கும் முறை குழம்பத் தொடங்கியது. எந்தச் சாலை எப்போது அறிவிக்கப்பட்டதோ அந்த வரிசையில் எண் விழுந்தது. பழைய சாலையோடு ஒட்டிப் பிறந்தால் எழுத்து ஒட்டியது. 45-க்கு அப்படி மூன்று பிள்ளைகள். விழுப்புரத்தில் பிரிந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போனது 45ஏ. திருச்சியிலிருந்து துவரங்குறிச்சி, மேலூர், மதுரை, அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போனது 45பி. விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி, நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போனது 45சி. இதற்குள் பக்கத்துச் சாலைகளுக்கு இருநூறுகளில் எண் கிடைத்தது: திருச்சி – இராமநாதபுரம் 210, திருச்சி – சிதம்பரம் 227. 45-க்கும் 227-க்கும் என்ன உறவு என்று வரைபடத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. எண்ணைக் கேட்டால் திசை தெரியாது, இடமும் தெரியாது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை நேராக இறங்கி வருபவர் 1ஏ, 1, 2, 3, 75, 26, 7 என்று ஏழு எண்களை எண்ண வேண்டியிருந்தது.

2010-இல் மத்திய அரசு எல்லாவற்றையும் கலைத்து ஒழுங்காக அடுக்கியது. விதி எளிது. வடக்கு தெற்காகப் போகும் பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே இறங்க இறங்க எண் கூடும். கிளைச் சாலைக்கு மூன்றிலக்கம். கடைசி இரண்டு இலக்கமும் தாய்ச் சாலையின் எண்.

இந்த விதியைத் தெரிந்துகொண்டு தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்தால் மனம் நிறைந்துபோகும். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போவது 77. அதற்குத் தெற்கே சேலம் – உளுந்தூர்பேட்டை 79. இன்னும் கீழே கோவை – கரூர் – திருச்சி – சிதம்பரம் 81. அடுத்து கோவை – திண்டுக்கல் – திருச்சி – தஞ்சாவூர் – நாகப்பட்டினம் 83. அதற்கும் கீழே கொச்சியிலிருந்து மூணாறு, தேனி, மதுரை வழியாகத் தொண்டி போகும் 85. கடைசியாக மதுரையிலிருந்து இராமேசுவரம் போகும் 87. மேலிருந்து கீழே ஓர் எண்கூடப் பிசகவில்லை. குறுக்கே பார்த்தாலும் அப்படித்தான்: கடலோரம் 32, அதற்கு மேற்கே 36, பிறகு 38, நாட்டின் நடுவே இறங்கும் 44, கேரளக் கடற்கரையில் 66. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து இந்தத் துணைக்கண்டத்தின் மேல் கட்டம் போட்டிருக்கிறார். அரசாங்க வேலையில் இவ்வளவு தெளிவைக் காண்பது அரிது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கட்டம் போடும்போது பழைய எண்கள் எல்லாம் இடம் மாறின. ரெட்ஹில்ஸ் வழியாகக் கொல்கத்தா திசையில் போன 5 இன்று 16. 5 என்ற எண் சிம்லாவைத் தாண்டித் திபெத் எல்லைக்குப் போகிறது. வாராணசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வந்த 7 இன்று பஞ்சாபின் ஃபாசில்காவிலிருந்து பத்ரிநாத்தைத் தாண்டி மானா வரை ஏறுகிறது. காஞ்சிபுரம், வேலூர் லாரிக்காரர்கள் வாயில் புழங்கிய 4 அந்தமானுக்குப் போய்விட்டது. சேலத்திலிருந்து கோவை, கொச்சி வழியாகக் கன்னியாகுமரி போன 47 இன்று குஜராத்திலிருந்து நாக்பூருக்குப் போகிறது. 45 மத்தியப் பிரதேசத்தில்.

நம் சாலையை ஏன் ஐந்தாகப் பிரித்தார்கள்? விதியைக் கறாராகப் பிடித்ததால். கிழக்குக் கடலோரத்தை ஒட்டிச் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ஒரே எண் வேண்டும் என்று 32-ஐ வகுத்தார்கள். அதற்குத் திண்டிவனம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டைக் கொடுத்தார்கள். அங்கிருந்து 32 புதுச்சேரிக்குத் திரும்பிவிடுகிறது. அதற்கு மேற்கே இன்னொரு வடக்கு தெற்குச் சாலையாக, வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும் 38-ஐ வகுத்தார்கள். விழுப்புரம் – திருச்சி அதற்குள் போனது; மகன் 45பி-யும் அதற்குள் போனது. திருச்சி – திண்டுக்கல் கிழக்கு மேற்குச் சாலையான 83-க்குள் போனது. திண்டுக்கல் – தேனி, 83-இன் கிளையாகக் கேரளத்துக்குப் போகும் 183 ஆனது. நடுவே எந்தப் பெரிய சாலைக்கும் சேராமல் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர் மிஞ்சியது. அதற்கு 132.

இங்கேதான் எனக்கு வருத்தம். கட்டத்தின் அழகுக்காக, மக்கள் உண்மையில் போகும் பாதையை உடைத்துவிட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பரனூர் சுங்கச்சாவடியில் மைல் கணக்கில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை திருச்சிக்கும் மதுரைக்கும் அதற்குத் தெற்கேயும் போகிறவை. தமிழ்நாட்டின் முதுகெலும்பான அந்த ஓட்டத்துக்கு ஓர் எண் இல்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குள் 32, 132, 38 என்று மூன்று. சென்னை – திருச்சி – மதுரை – தூத்துக்குடியை 38 என்று வைத்து, வேலூர் – விழுப்புரத்துக்கு மூன்றிலக்கக் கிளை எண் கொடுத்திருந்தால் விதியும் நின்றிருக்கும், ஓட்டுநருக்கும் ஒரே எண் கிடைத்திருக்கும். சாலை எண்ணின் முதல் வேலை ஒருவரை வழி தவறாமல் ஊர் சேர்ப்பது. வரைபடம் அழகாக இருப்பது அதற்கு அடுத்துத்தான்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பல மாநிலச் சாலைகளுக்கு இரண்டு எண்கள் இருந்தன: கணக்கு எழுதச் சட்டமன்றம் வைத்த எண் ஒன்று, பலகையில் பயணிகள் பார்த்த எண் ஒன்று. 1964-இல் ஒரு சாலைக்கு ஓர் எண் என்று முடிவெடுத்து மாநிலம் முழுவதும் மாற்றினார்கள். புதிய விரைவுச் சாலைகளோடு ஒன்றாக ஓடிய பழைய எண்களை வெட்டினார்கள். பசிபிக் கரையில் லாங் பீச் வரை வந்துகொண்டிருந்த யு.எஸ். 6, மலைக்கு அப்பால் பிஷப் என்ற சிற்றூரோடு நின்றது. அந்நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை என்ற பெருமை யு.எஸ். 20-க்குப் போனது. புகழ்பெற்ற யு.எஸ். 66-ஐயும் அதே ஆண்டு பாசடீனாவோடு நிறுத்தினார்கள். 1985-இல் அந்த எண்ணையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அரிசோனாவின் செலிக்மன் என்ற ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்காடில்லோ தன் ஊர்க்காரர்களைத் திரட்டி, 1987-இல் சங்கம் அமைத்து, 'வரலாற்றுச் சாலை 66' என்ற பலகையையாவது திரும்ப வாங்கினார். புதிய விரைவுச் சாலை ஒதுக்கிப் போனதால் வண்டி வராமல், வண்டி வராததால் பிழைப்புப் போன ஊர் அது.

ஊர்களுக்கு நேரும் அந்த இழப்பு நம் பக்கமும் பைபாஸ் வடிவில் வருகிறது. ஊருக்கு வெளியே பைபாஸ் போட்டவுடன் எண் அதோடு வெளியே போய்விடுகிறது. ஊருக்குள் இருக்கும் பழைய சாலை, அதாவது பேருந்து நிலையத்தையும் மார்க்கெட்டையும் அரசு மருத்துவமனையையும் இணைக்கும் சாலை, எண்ணை இழக்கிறது. மத்திய அமைச்சகம் கடைசியாக ஒருமுறை அதைச் செப்பனிட்டு மாநிலத்திடம் ஒப்படைப்பது வழக்கம். பிறகு அரசிதழில் அறிவித்து அட்டவணையிலிருந்து நீக்குவார்கள். மாநிலம் அதை மாநில நெடுஞ்சாலையாகவோ மாவட்ட முக்கியச் சாலையாகவோ தன் கணக்கில் சேர்க்கும், அல்லது நகராட்சியிடம் கொடுக்கும். இந்த ஒப்படைப்பு இழுத்துக்கொண்டே போகும் இடங்களில் சாலை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. 'அது என்.எச்.காரர்கள் பார்க்க வேண்டியது' என்று ஹைவேஸ் அலுவலகத்தில் சொல்வார்கள். 'அதை ஒப்படைத்தாயிற்று' என்று என்.எச். அலுவலகத்தில் சொல்வார்கள். மழை இரண்டுக்கும் காத்திருப்பதில்லை.

சாலைகள் சுருங்கியதற்கான காரணங்களில் மிக விசித்திரமானது மது. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கில், 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தது. 20,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊர்களுக்கு அதை 220 மீட்டராகப் பிறகு குறைத்தது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. கடையை நகர்த்துவதற்குப் பதிலாகச் சாலையின் பெயரை நகர்த்தும் யோசனை பல மாநிலங்களுக்கு உடனே தோன்றியது. சண்டிகரில் மாநில நெடுஞ்சாலைகளை மாவட்ட முக்கியச் சாலைகளாக மாற்றி அறிவித்தார்கள். தமிழ்நாட்டிலும் நகரங்களுக்குள் இருக்கும் மாநில நெடுஞ்சாலைப் பகுதிகளை உள்ளாட்சிகளிடம் கொடுக்க ஏற்பாடு நடந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்குத் தன் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது.

நெடுஞ்சாலையில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களால் மனிதர்கள் சாகக் கூடாது என்று வந்த தீர்ப்பு அது. அதைத் தாண்டுவதற்குச் சாலையின் தரத்தைத் தாழ்த்தியது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத செய்தி. ஒரு சாலையின் தகுதியை அதில் ஓடும் வண்டிகளும் அது இணைக்கும் ஊர்களும் தீர்மானிக்க வேண்டும். ஓரத்தில் என்ன விற்கிறது என்பது தீர்மானிக்கக் கூடாது.

எண் மாற்றுவது தவறு என்று நான் சொல்லவில்லை. 2010-இல் செய்தது தேவையான வேலை. ஆனால் மாற்றத்தை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை அரைகுறையாக நின்றுவிட்டது. பத்து வருடங்களுக்கு மேலாகியும் ஹோட்டல் பலகைகளிலும் மனை விற்பனை விளம்பரங்களிலும் 'என்.எச். 45' இருக்கிறது. நெடுஞ்சாலை ஆணையத்தின் ஆவணங்களிலேயே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். சாலைப் பலகையில் மட்டும் ஏன் அப்படி எழுதக் கூடாது? புதிய எண்ணைப் பெரிதாகவும் அதன் கீழே 'பழைய 45' என்று சிறிதாகவும் எழுத ஆகும் செலவு பெயிண்ட் செலவுதான். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு விபத்தில் சிக்கியவர் தொலைபேசியில் எந்தச் சாலை என்று சொல்லும்போது, கேட்பவருக்கும் அதே சாலை புரிய வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் ஆணையமும் இதை எல்லாச் சாலைகளிலும் செய்ய வேண்டும். பைபாஸ் திறக்கும் நாளிலேயே பழைய ஊர்ச்சாலை யாருடையது என்று அங்கே ஒரு பலகையில் எழுதி வைக்கவும் வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் ஊர் வழியே போகும் சாலையின் இன்றைய எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கிலோமீட்டர் கல்லின் வண்ணத்தையும் அதில் எழுதியிருக்கும் எண்ணையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவி வேண்டுமென்றால் அழைக்க வேண்டிய எண் 1033.